தம்பிக்கு 80 லட்சம், உங்களுக்கு ஜீரோ பிரீமியமா?

கேள்வி: சார், டெக்சஸில் பிளேனோவில் இருக்கிறேன். வரும் அக்டோபரில் (2026) எனக்கு 65 முடிகிறது. டிசம்பர் 31-உடன் வேலையை விடுகிறேன். எங்கள் கம்பெனியில் ஆயிரம் பேருக்கு மேல் உண்டு. மனைவிக்கு மார்ச்சில் 62 முடிந்தது. இங்கே வேலைக்குப் போனதில்லை, என் ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் இருக்கிறாள். ஆண்டு வருமானம் 1,90,000 டாலர். 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் 6,40,000 டாலர் இருக்கிறது. 2024-ல் மகள் வீடு வாங்கியபோது அதிலிருந்து ஒரு லட்சம் டாலர் எடுத்துக் கொடுத்தேன். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் தம்பிக்கு வங்கி நெருக்கடி, 80 லட்சம் ரூபாய் கேட்கிறான். இந்த ஆண்டே 1,20,000 டாலர் எடுத்து, வரி போக மீதியை அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். அதனால் கை இறுக்கம். மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியே தரும் ஜீரோ பிரீமியம் அட்வான்டேஜில் சேர்ந்துவிட்டு, நிலைமை சரியானதும், மெடிகேர் விட்டுவைக்கும் பில்லைக் கட்டும் பிளான் ஜி-க்கு மாறலாமா? இல்லை, ஆபீஸ் இன்சூரன்ஸை வேலையை விட்டபின்னும் நாமே பணம் கட்டித் தொடரும் கோப்ராவில் 18 மாதம் ஓட்டிவிட்டு அப்புறம் மெடிகேருக்கு வரலாமா? எனக்குச் சர்க்கரை உண்டு, ஒரு ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறார்கள். வருடத்தில் நாலு மாதம் கோயம்புத்தூரில் இருக்கத் திட்டம். தெரிந்த நண்பர் ஒருவர் ஐயூஎல் என்ற ஆயுள் காப்பீட்டு பாலிசி எடுக்கச் சொல்கிறார், அதையும் சொல்லுங்கள்.

பதில்: மெடிகேர் என்ற அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டில் பார்ட் ஏ (மருத்துவமனை), பி (டாக்டர்), டி (மருந்து) என்றால் என்ன என்று உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கேட்ட விதத்திலேயே தெரிகிறது, நிறையப் படித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் திரும்பிப் போய்ப் படித்த வரி ஒன்றுதான்: "அதனால் கை இறுக்கம்." ஆறு லட்சத்து நாற்பதாயிரம் டாலர் சேர்த்தவர், ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு எது மலிவான திட்டம் என்று தேடுகிறார். ஏன்? வீட்டில் யாருக்காவது பணம் தேவைப்பட்டால் 401(கே)-யில் கைவைப்பது, அதுவும் மொத்தமாக, அதுவும் சம்பளம் வரும் ஆண்டிலேயே. 2024-ல் மகள், 2026-ல் தம்பி. இந்தப் பழக்கம் இருக்கும்வரை எந்தப் பிளான் எடுத்தாலும் உங்களுக்கு இறுக்கமாகத்தான் இருக்கும்.

முதலில் மகளுக்குக் கொடுத்ததன் பில்லைப் பார்ப்போம். அது இன்னும் வரவில்லை, அக்டோபரில் வரக் காத்திருக்கிறது. மெடிகேர் பிரீமியம் இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்த்துத்தான் முடிவாகும். 2026-க்கு 2024 கணக்கு. அந்த ஆண்டு உங்கள் 1,90,000-உடன் அந்த ஒரு லட்சமும் சேர்ந்து 2,90,000. தம்பதிக்கு 2,18,000 தாண்டினாலே இர்மா என்ற கூடுதல் கட்டணம் தொடங்கிவிடும். நீங்கள் இரண்டாம் படியில், அதாவது 2,74,000-க்கு மேல், நிற்கிறீர்கள். மற்றவர்களுக்கு பார்ட் பி மாதம் 202.90 என்றால் உங்களுக்கு 405.80. பார்ட் டி எடுத்தால் அதன் மேல் இன்னொரு 37.50. மகளுக்கு வீடு வாங்க எடுத்தேன் என்று சொல்லிக் குறைக்கச் சொல்ல வழி இல்லை. வேலையை விடுவது, விவாகரத்து, துணைவர் இறப்பு போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே, கட்டணத்தைக் குறைக்கக் கேட்கும் எஸ்எஸ்ஏ-44 படிவம் செல்லும்.

நல்லவேளை, இதிலிருந்து நீங்கள் தப்பலாம். 65 முடிந்தவுடன் பார்ட் பி எடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியில் வேலையில் இருக்கும்வரை ஆபீஸ் இன்சூரன்ஸ்தான் முதலில் பணம் கட்டும். அக்டோபரில் பார்ட் ஏ மட்டும் எடுங்கள், அது உங்களுக்கு இலவசம். பார்ட் பி-க்கு டிசம்பரில் விண்ணப்பித்தால் ஜனவரி 1 முதல் அமலாகும். உங்களுக்கான ஏழு மாத அவகாசம் ஜூலையிலிருந்து ஜனவரி வரை, ஆகவே டிசம்பர் அதற்குள்தான் வருகிறது. 2027-க்குப் பார்ப்பது 2025 வருமானம், அதில் 1,90,000 மட்டும்தான். இர்மா கிடையாது. மூன்று மாதம் தள்ளிப்போட்டதில் 1,200 டாலர் மிச்சம்.

ஒரு சின்னக் குறிப்பு: ஹெச்எஸ்ஏ என்ற வரிச்சலுகை மருத்துவச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால், மெடிகேர் தொடங்கிவிடுவதால் செப்டம்பருக்குப் பிறகு அதில் ஒரு டாலரும் போகக் கூடாது. பார்ட் ஏ-வைத் தள்ளிப்போட்டும் பயனில்லை, பிறகு எடுத்தால் ஆறு மாதம் வரை பின்னோக்கிப் போய் அமலாகும். குடும்பத் திட்டம் என்றால் உங்கள் வயதுக்கு இந்த ஆண்டு உச்சவரம்பு 9,750. உங்களுக்கு அதில் முக்கால் பங்குதான்.

இனி தம்பி கணக்கு. சம்பளத்தின் மேல் 1,20,000 எடுத்தால் அதில் ஒரு பகுதிக்கு 22 சதவீதம், மீதிக்கு 24 சதவீதம். தோராயமாக 27,000-க்கு மேல் வரி. டெக்சஸில் மாநில வரி இல்லை என்பதால் இதோடு போகிறது. தம்பி கைக்குப் போவது 92,000 டாலர் சொச்சம், அவர் கேட்ட 80 லட்சம் வந்துவிடும். பிறகு 2028-ல் இந்த ஆண்டின் 3,10,000 வருமானம் உங்கள் பிரீமியத்தில் தலைகாட்டும். இப்போதைய விகிதத்திலேயே மாதம் 240 டாலர் கூடுதல், வருடத்துக்கு 2,900 பக்கம். வேலையை விட்டதைக் காட்டி எஸ்எஸ்ஏ-44 கொடுத்து அதிலிருந்து நீங்கள் விடுபட வாய்ப்பு உண்டு. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு உறவுக்காக எடுக்கும் பெரிய தொகைக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. அடுத்து யார் கேட்பார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதே பணத்தை ஓய்வுக்குப் பிறகு, 2027-ல் 52,000, 2028-ல் 52,000 என்று எடுத்தால்? சம்பளம் இருக்காது. வீட்டுச் செலவுக்கு வருடம் 60,000 எடுக்கிறீர்கள், சோஷியல் செக்யூரிட்டியை 67 வரை தள்ளிப்போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தம்பிக்கு எடுக்கும் பணம் முழுக்க 12 சதவீத வரிக்குள் அடங்கிவிடும். மொத்த வரி 12,500 பக்கம். இர்மாவின் வாசலுக்கே போக மாட்டீர்கள். அதாவது, இந்த ஆண்டே அனுப்பியாக வேண்டும் என்ற அவசரத்தின் விலை 15,000 டாலர். பிளான் ஜி-க்கு ஒருவருக்கு மாதம் 150 என்று போட்டால், உங்கள் இருவருக்கும் நாலு வருட பிரீமியம் அது. அதைக் கட்ட முடியாது என்றுதான் ஜீரோ பிரீமியம் தேடுகிறீர்கள்!

வங்கி 2028 வரை காத்திருக்காது என்பீர்கள். சரி, வங்கி என்ன சொல்லியிருக்கிறது? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கடன் கணக்கு அறிக்கையைத் தம்பியிடம் கேளுங்கள். அசல் எவ்வளவு, எத்தனை தவணை பாக்கி, தவணைக் காலத்தை நீட்டித்துத் தர வங்கி முன்வந்ததா, எந்தச் சொத்து அடமானத்தில் இருக்கிறது? பூர்வீக வீடு என்றால் உங்கள் பங்கும் அதில் மாட்டியிருக்கலாம். நிலுவைத் தவணைகளைக் கட்டினாலே மூச்சுவிட இடம் கிடைக்கும் என்றால் 15, 20 லட்சத்தில் வேலை முடியலாம். கூடப் பிறந்தவனிடம் கணக்குக் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். 80 லட்சம் கேட்பவர் நாலு காகிதம் காட்டலாம், தப்பில்லை. கொடுப்பதைத் திரும்பி வராது என்று எண்ணிக் கொடுங்கள், ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 19,000 டாலருக்கு மேல் கொடுத்தால் 709 என்ற பரிசு வரிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் அளவுக்கு அதில் வரி எதுவும் வராது.

தம்பியைவிட முன்னால் வரிசையில் நிற்கும் ஒருவரை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உங்கள் மனைவி. ஜனவரி 1 முதல் அவருக்கு இன்சூரன்ஸ் இல்லை. 65 முடிவது மார்ச் 2029-ல். அப்போது உங்கள் உழைப்புக் கணக்கிலேயே அவருக்கும் பார்ட் ஏ இலவசம், அது பிரச்சினை இல்லை. இடையில் 26 மாதம் இருக்கிறதே! கோப்ரா உங்களுக்குத்தான் வேண்டாம், அவருக்கு வேண்டும். வழக்கமாக 18 மாதம்தான், ஜூன் 2028-ல் முடிந்துவிடும். ஆனால் வேலையை விடுவதற்கு முன்பே நீங்கள் மெடிகேரில் சேர்ந்திருந்தால், மனைவிக்கான கோப்ரா நீங்கள் சேர்ந்த தேதியிலிருந்து 36 மாதம் வரை நீளும். அக்டோபரிலேயே பார்ட் ஏ எடுக்கச் சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம். செப்டம்பர் 2029 வரை தாங்கும். ஹெச்ஆரிடம் இதை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அவர்களில் பலருக்கு 18 மட்டும்தான் தெரியும்.

கோப்ராவில் முழு பிரீமியமும், மேலே 2 சதவீதமும் உங்கள் தலையில். மாதம் 850 என்று வைத்தாலும் 26 மாதத்துக்கு 22,000 டாலர். அரசின் காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் கிடைக்கும் திட்டத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே மானியம் ஆண்டு வருமானத்தை வைத்துத்தான், தம்பிக்காக 401(கே)-யிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டாலரும் உங்கள் வருமானமாகவே எண்ணப்படும். இந்த 22,000-ஐத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் திருப்பூருக்கு எவ்வளவு என்ற பேச்சு.

உங்களுக்கு ஏன் கோப்ரா கூடாது? வேலையை விட்டபின் வரும் கோப்ராவை மெடிகேர் வேலைக்கால இன்சூரன்ஸாக ஏற்காது. வேலை நின்றதிலிருந்து எட்டு மாதத்துக்குள் பார்ட் பி எடுத்தாக வேண்டும். 18 மாதம் ஓட்டிவிட்டு ஜூலை 2028-ல் போய் நின்றால், ஜனவரி 2029 வரை விண்ணப்பமே போட முடியாது. அரை வருடத்துக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாமல், ஸ்டென்ட்டோடு. அப்புறம் இரண்டு முழு வருடத் தாமதத்துக்கு 20 சதவீத அபராதம். இன்றைய விலையில் மாதம் 40 டாலர், ஆயுள் முழுக்க. அதற்கும் முன்னால், நீங்கள் மெடிகேருக்குத் தகுதியானவர் என்று தெரிந்ததும் கோப்ரா திட்டம் பெரும்பகுதி பில்லைத் தள்ளிவிடலாம். 850 கட்டிவிட்டுப் பில்லையும் கட்டுவீர்கள்.

இப்போது அட்வான்டேஜ். ஜீரோ பிரீமியம் என்ற விளம்பரத்தில் உங்கள் பார்ட் பி 202.90 காணாமல் போய்விடாது, அதை எப்படியும் கட்ட வேண்டும். பல் வைத்தியம், ஜிம், மளிகைக்கு ஒரு அட்டை என்று அடுக்குவார்கள். கார்டியாலஜிஸ்ட் அந்த நெட்வொர்க்கில் இருக்கிறாரா, ஆஞ்சியோ செய்ய முன் அனுமதி எத்தனை நாளில் வரும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போகும். நெட்வொர்க்குக்குள்ளேயே ஒரு வருடத்தில் உங்கள் கையிலிருந்து 9,250 டாலர் வரை போகலாம். ஆரோக்கியமாக, வெளியூர் போகாமல் இருப்பவருக்கு அட்வான்டேஜ் ஒத்துவரலாம், நான் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் அந்த ஆள் இல்லை.

பிறகு மாறலாமா என்பதற்குப் பதில்: முதல் 12 மாதத்துக்குள் மாறலாம், உரிமை உண்டு. அதற்குப் பிறகு டெக்சஸில், பிளான் ஜி போன்ற மெடிகேப் பாலிசி விற்கும் கம்பெனி உங்கள் உடல்நிலையைக் கேள்வி கேட்கும். சர்க்கரையும் ஸ்டென்ட்டும் சேர்ந்திருந்தால் 'இல்லை' என்று சொல்லவே வாய்ப்பு அதிகம். பார்ட் பி அமலாகும் ஜனவரி 1-லிருந்து ஆறு மாதம்தான் எந்தக் கேள்வியும் கேட்காமல் கொடுப்பார்கள். ஆக, பிளான் ஜி. பார்ட் பி-யின் ஆண்டுக் கழிவுத் தொகை 283 டாலரை நீங்கள் கட்டினால் மெடிகேர் ஏற்கும் சிகிச்சைகளில் மீதியை அது பார்த்துக்கொள்ளும். கூடவே மருந்துக்கு ஒரு பார்ட் டி. இந்த ஆண்டு விதிப்படி திட்டத்தில் உள்ள மருந்துகளுக்கு உங்கள் கைச்செலவு 2,100-ஐத் தாண்டாது. அதை ஜனவரியிலேயே தொடங்குங்கள், 63 நாள் இடைவெளி விழுந்தால் அதற்கும் ஆயுள் அபராதம்.

கோயம்புத்தூரில் மெடிகேர் ஒரு பைசா தராது. பிளான் ஜி-யில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் உண்டு, ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்கு மட்டும், ஆயுளில் மொத்தம் 50,000 வரை. உங்கள் நாலு மாதத்தில் பின்பாதி வெறும் கை. அதற்கெனத் தனியாகப் பயண இன்சூரன்ஸ் பாருங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருகிறார்கள் என்ற பகுதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊரில்தானே இருக்கிறோம் என்று பார்ட் பி-யை நிறுத்திவைக்கும் யோசனை வேண்டாம்.

ஐயூஎல்? 65-ல் ஆயுள் காப்பீட்டை முதலீடு என்று விற்கிறார்கள். முதல் வருடக் கமிஷன் எவ்வளவு என்று நண்பரிடம் கேளுங்கள், சொன்னால் எனக்கும் எழுதுங்கள். மெடிகேருக்குக் கமிஷன் வாங்காத ஆலோசனை வேண்டுமென்றால் டெக்சஸில் ஹைகேப் என்ற அரசுத் திட்டம் இலவசமாகத் தருகிறது. செப்டம்பருக்குள் ஒருமுறை பேசிவிடுங்கள். பிளான் ஜி விண்ணப்பத்தை ஜனவரி 1 அமல் தேதியோடு நவம்பர் கடைசியில் போடலாம். தம்பியின் வங்கி அறிக்கை அதற்கு முன்பே வந்துவிட வேண்டும், வராவிட்டால் 401(கே) படிவத்தைத் திறக்காதீர்கள்.