உபுண்டு போட விண்டோஸை அழிக்க வேண்டுமா?

கேள்வி: என் மகளின் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. 512 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் மட்டும்தான். கல்லூரியில் உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளமும் வேண்டும் என்கிறார்கள். முழுவதையும் ஃபார்மட் செய்தால்தான் முடியும், 1,500 ரூபாய் ஆகும் என்கிறார் கடைக்காரர். அவள் கோப்புகள் எல்லாம் போய்விடுமா?

பதில்: போக வேண்டியதே இல்லை. ஃபார்மட் செய்வது கடைக்காரருக்குச் சுலபம், அவ்வளவுதான். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அசல் விண்டோஸை எடுத்துவிட்டுக் களவுப் பிரதியை ஏற்றித் தரும் கடைகளும் உண்டு. உபுண்டு இலவசம், அதை நிறுவத் தேவை ஒரு 8 ஜிபி பென் டிரைவ். முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் வெளியே பிரதி எடுத்து வையுங்கள்.

உபுண்டுவுக்கு இடம் பிரிக்கும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அளவை எம்பியில் கேட்கும். 100 ஜிபிக்கு 102400. கறுப்புப் பட்டையாகத் தெரியும் காலியிடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அதில் டி டிரைவ் உருவாக்கிவிட்டு, பிறகு உபுண்டுவுக்கு இடமில்லை என்று வருபவர்கள்தான் அதிகம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு பார்க்க வேண்டியது பூட்டு. புது மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு முழுவதும் குறியாக்கம் ஆகிவிடுகிறது, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. ஒரு வார்த்தை கேட்பதில்லை. வாங்குபவருக்குத் தெரிவதும் இல்லை. பயாஸ் அமைப்பில், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பில், ஏதாவது மாற்றினால், அடுத்த முறை நீலத்திரை வந்து 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாது. மீட்டுத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். ஆகவே மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவியைத் தேடித் தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கையே கடைக்காரர் தன் மின்னஞ்சலில் தொடங்கியிருந்தால் சாவியும் அவரிடம்தான் இருக்கும். இப்போதே கேட்டு வாங்குங்கள். பிறகு செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்பதை நிறுத்துங்கள். குறியாக்கம் முழுவதும் நீங்கச் சற்று நேரம் பிடிக்கும். பாதியில் அணைக்காமல், சார்ஜரில் வைத்துக் காத்திருங்கள்.

உபுண்டு நிறுவும்போது ஒரு திரையில் நிதானம் வேண்டும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்ற தேர்வும், வட்டை அழித்து நிறுவு என்ற தேர்வும் அடுத்தடுத்து இருக்கும். முதலாவதே உங்களுக்கு உரியது. அது தென்படவே இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடையில்தான் கொடுப்பேன் என்றால், மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.