ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகும் ராடு

கேள்வி: எங்கள் வீட்டு ஓ.டி.ஜி. ஓவன் 1,600 வாட். பத்து மாதத்தில் அடியில் இருக்கும் சூடேற்றும் ராடு மூன்று முறை போய்விட்டது. மாற்றித் தரும் தம்பி ஒவ்வொரு தடவையும் "ராடு மட்டம்க்கா" என்கிறார். கடைசியாக விலை கூடியதையே வாங்கிப் போட்டோம். ஏழு வாரம்கூடத் தாங்கவில்லை. வாரநாளில் நேரமில்லை, ஞாயிறு மதியம்தான் கேக்கும் தேங்காய் பன்னும் போடுவேன். போன ராடுகளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். ஓவனையே மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, சோமனூர்

பதில்: ஓவனை மாற்ற வேண்டாம் அம்மணி. படம் அனுப்பினீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்தது. ராடு எதனால் போனது என்று அது வெடித்த இடமே சொல்லிவிடும்.

ஒயர் மாட்டும் நுனியில் கருகியிருந்தால் ராடின் மேல் குற்றமில்லை, லக் (ஒயர் நுனியில் இருக்கும் உலோகக் கவ்வி) லூஸ். இதை நான் சொந்தக் காசில் கற்றவன். முப்பது வருசமாகக் கோவை கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். என் வீட்டு ஓவனுக்கு இரண்டு ராடு மாற்றி, இரண்டு தடவையும் பழைய லக்கையே தள்ளி மாட்டிவிட்டு எழுந்துவிட்டேன். மூன்றாம் தடவை வீட்டம்மாதான் டார்ச் அடித்துப் பார்த்து, "ஏனுங்க, இந்தத் தகடு ஏன் நீலம் பாய்ஞ்சு கெடக்குது?" என்றாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆட்டிப் பார்த்தால் பால்பல் மாதிரி ஆடுகிறது. பிடி தளர்ந்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் பிடி இன்னும் தளரும். லக்கை வெட்டியெறிந்து புதியதை ஒயரில் இறுக்கி நசுக்கி, கிரிம்ப் செய்தேன். அந்த ராடு நாலு வருசமாக ஓடுகிறது.

உங்கள் கதை வேறு. மூன்று ராடிலும் நுனி பளிச்சென்று இருக்கிறது. நடுவில்தான் கொப்புளம்போல வெடித்து, வெள்ளை மாவு தெரிகிறது. உள்ளே ஓடும் நிக்ரோம் கம்பி வெளி உறையைத் தொடாமலிருக்க அடைத்த மெக்னீசியம் ஆக்சைடு அது. பன்னிலிருந்து சர்க்கரை ஒழுகி ராடில் ஒட்டினாலும் அந்த இடம் கெடும். ஆனால் கறை எதுவும் தெரியவில்லை.

ஞாயிறு மதியம் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். சோமனூர் என்றால் விசைத்தறி. தறி ஓடும் நாளில் லைனில் இழுப்பு அதிகம், வோல்டேஜ் இறங்கியிருக்கும். ஞாயிறு தறி நின்றால் ஏறும். 230 வோல்ட் 260 ஆனால் கூடியது 13 சதவீதம்தான். சூடோ வோல்டேஜின் வர்க்கக் கணக்கில் 28 சதவீதம் கூடும். உங்கள் 1,600 வாட் அன்றைக்கு 2,000-ஐத் தாண்டிவிடும். தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்பீர்கள். அது பார்ப்பது ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூட்டை. ராடு எவ்வளவு சிவந்து கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

பிளக்கில் செருகினால் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். ஞாயிறும் புதனும் ஒரே நேரத்தில் பார்த்து, நாலு வாரம் காலண்டரிலேயே குறித்து வையுங்கள். ஞாயிறு மட்டும் 250-க்கு மேல் நின்றால் அந்தக் குறிப்போடு மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். அதுவரை 3 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் போடலாம். காசில்லாத வைத்தியமும் உண்டு: பன்னைப் புதன்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றுவது.

ஓர் அறையில் லைட் பளீரென்று எரிந்து இன்னோர் அறையில் மங்கினால் மட்டும் மீட்டரெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) லூஸாக இருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், புது ராடு வாங்கும்போது பழையதில் குத்தியிருக்கும் வோல்ட், வாட் இரண்டும் பொருந்துகிறதா பாருங்கள். சில ஓவன்களில் அடி ராடு இரண்டும் சீரிஸில், அதாவது ஒன்றின் வழியாகவே மற்றதற்கு மின்சாரம் போகிற மாதிரி, இருக்கும். அதில் வாட் குறைந்த ஒன்றைச் சேர்த்தால் அதுதான் அதிகம் சூடாகி முதலில் போகும்.

கேள்வி: ஓவன் ஓடும்போது பிளக் கைபொறுக்காத சூடு. சாதாரணமா?
– ஒரு வாசகர், கோபி

பதில்: இல்லைங்க. 1,600 வாட் ஓவன் 7 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக்கைச் சின்ன பாயின்ட்டில் செருகும் கன்வெர்டர் மாட்டிச் சமாளிக்காமல், 16 ஆம்பியர் பாயின்ட்டைத் தனி ஒயர் இழுத்துப் போடச் சொல்லுங்கள். பாயின்ட் ஏற்கெனவே பெரியதுதான் என்றால் சாக்கெட்டின் பிடி போயிருக்கும். அதை மாற்றும்வரை ஓவனைத் தொடாதீர்கள்.