இந்தக் கோப்பை வைத்தது யார்? பேக்கேஜ் சிக்கல்கள்: கேள்வி பதில்

பேக்கேஜ், அதாவது மென்பொருள் தொகுப்பு, நிறுவும்போது வரும் சிக்கல்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்தச் சிக்கல் வந்தாலும் நான் முதலில் தேடுவது, இந்தக் கோப்பை இங்கே வைத்தது யார் என்பதைத்தான்.

கேள்வி: அண்ணா, உபுண்டு லினக்ஸ் 24.04-இல் பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" (வேறொரு கருவி நிர்வகிக்கிறது) என்று பிழை வருகிறது. "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்று சேர்த்தால் ஓடும் என்கிறார்கள். சேர்க்கலாமா?

வேண்டாம் தம்பி. சிஸ்டத்தை உடைக்கும் என்று அதன் பெயரே சொல்கிறது. உபுண்டுவில் இருக்கும் பைத்தான் உங்களுக்கு மட்டுமானது இல்லை, சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. சூடோ போட்டு, அதாவது அட்மின் உரிமையோடு, பிப்பில் ஒரு நூலகத்தை ஏற்றினால் அது யூஎஸ்ஆர் லோக்கல் கோப்புறைக்குள் போய் உட்காரும். உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட் வைத்த பதிப்பை விட்டுவிட்டு, பைத்தான் இதைத்தான் முதலில் எடுக்கும். இது ஆப்ட்டுக்குத் தெரியவே தெரியாது.

நான் பட்டிருக்கிறேன். பழைய வேலையில் ஒரு சர்வரில் கிரிப்டோகிராஃபி நூலகத்தை இப்படித்தான் ஏற்றினேன். அன்றைக்கு எல்லாம் நன்றாகவே ஓடியது. சில வாரம் கழித்து, தளத்தின் சான்றிதழைப் புதுப்பிக்கும் நிரல் சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. சான்றிதழ் காலாவதியாகி, வாடிக்கையாளர்கள் போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆப்ட்டில் எத்தனை முறை திரும்ப நிறுவியும் சரியாகவில்லை, ஏனென்றால் கோளாறு ஆப்ட் வைத்த கோப்பில் இல்லை, பிப் வைத்த கோப்பில். அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போனது.

ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனியாக ஒரு வென்வ் (தனிப் பைத்தான் சூழல்) போடுங்கள், பிப் அதற்குள்ளேயே இருக்கட்டும். டெர்மினலில் ஓட்டும் பைத்தான் கருவிகளுக்கு, ஒவ்வொன்றையும் தனிச் சூழலில் நிறுவும் பிப்எக்ஸ் போதும்.

கேள்வி: உபுண்டுவிலிருந்து ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாறினேன். அப்பாச்சி2 (வெப் சர்வர்), பைத்தான்3-டெவ் எதுவுமே கிடைக்கவில்லையே சார்?

இருக்கிறது, பெயர்தான் வேறு. அங்கே அப்பாச்சிக்கு எச்டிடிபிடி என்று பெயர், டெவ் என்பது டெவெல். பெயரை மனப்பாடம் செய்வதைவிடக் கோப்பை வைத்துத் தேடுங்கள். ஃபெடோராவின் நிறுவியான டிஎன்எஃப்பில், டிஎன்எஃப் புரொவைட்ஸ் என்று போட்டு வேண்டிய கோப்பின் பெயரைக் கொடுத்தால், எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று சொல்லிவிடும். டெபியன், உபுண்டு பக்கம் இதே வேலைக்கு ஆப்ட்-ஃபைல்.

கேள்வி: பழைய இன்டெல் மேக்கிலிருந்து ஆப்பிளின் எம்1 சிப் உள்ள மேக்குக்கு எல்லாவற்றையும் அப்படியே மாற்றினேன். பேக்கேஜ் நிறுவும் ஹோம்ப்ரூ குழப்புகிறது.

உங்களிடம் பழைய மேக்கின் ஹோம்ப்ரூவே வந்திருக்கும். இன்டெல்லில் அது யூஎஸ்ஆர் லோக்கலில் இருந்தது, எம்1-இல் ஓபிடி ஹோம்ப்ரூவில் இருக்க வேண்டும். விச் ப்ரூ என்று கேட்டுப் பாருங்கள். பழைய இடத்தைக் காட்டினால், முதலில் ப்ரூ பண்டில் டம்ப் கொடுத்துப் பட்டியலைச் சேமியுங்கள். அப்புறம் பழையதை நீக்கி, புதியதை நிறுவி, அந்தப் பட்டியலிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக்கொள்ளலாம். நிறுவி முடிந்ததும் ஹோம்ப்ரூ திரையில் காட்டும் ஷெல் வரிகளைத் தவறாமல் ஓட்டுங்கள். பலர் அதைப் படிப்பதே இல்லை.

கேள்வி: விண்டோஸில் பேக்கேஜ் நிறுவ விங்கெட், சாக்லேட்டி, ஸ்கூப், எது நல்லது?

சொந்தக் கணினி என்றால் விங்கெட், விண்டோஸ் 11-இல் கூடவே வருகிறது. அட்மின் உரிமை இல்லாத கணினி என்றால் ஸ்கூப், ஏனென்றால் அது உங்கள் பயனர் கோப்புறைக்குள்ளேயே நிறுவும். ஒரே மென்பொருளை இரண்டிலும் நிறுவாதீர்கள்.

கேள்வி: டெபியனில் எல்லாமே பழைய பதிப்பு. பாதுகாப்புக்குப் புதியதுதானே நல்லது?

அப்படி நினைப்பது இயல்புதான், ஆனால் 2024 மார்ச்சில் நடந்ததைப் பாருங்கள். எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு ஒன்றை, அதாவது ரகசியமாக உள்ளே நுழைய ஒரு வழியை, நுழைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் லாகின் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவது) சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். அந்தப் பதிப்புகள் அதற்குள் டெபியனின் சோதனைக் கிளைகளுக்கு வந்துவிட்டன. ஸ்டேபிள் என்ற நிலையான கிளைக்கு வரவில்லை.

இன்னொன்று, ஸ்டேபிளில் எண் பழையதாக இருந்தாலும் பாதுகாப்புத் திருத்தங்களை அந்தப் பழைய பதிப்பிலேயே சேர்த்துவிடுகிறார்கள். ஆப்ட் சேஞ்ச்லாக் என்று போட்டு பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். எந்தத் தேதியில் எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்று வரி வரியாக இருக்கும்.