மணல் குழியில் நான்கு பேர்

வணக்கம் சார்,

பாரிஸ் ஒலிம்பிக்கில் 140 கோடிப் பேர் உள்ள நாடு 6 பதக்கத்தோடு திரும்பியதை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை. நண்பர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். நம் உடல்வாகு அப்படி, கிரிக்கெட் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது, அரசு பணம் ஒதுக்குவதில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். குறுவட்டப் போட்டியில் நீளம் தாண்டுதலில் முதலிடம் வந்தாள். ஆனால் கலந்துகொண்டதே நான்கு பேர்தான், அதனால் பெரிதாகச் சந்தோஷப்படவும் தோன்றவில்லை. அடுத்து மாவட்டப் போட்டி. அதே வாரம் பரீட்சை. வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் உங்கள் பெரிய கேள்விக்கும் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "கலந்துகொண்டதே நான்கு பேர்தான்." ஒரு குறுவட்டத்தில் எத்தனை பள்ளிகள், அந்தப் பள்ளிகளில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் என்று ஒரு கணம் யோசியுங்கள். அத்தனை பேரிலிருந்து மணல் குழிக்கு வந்து நின்றது நான்கு பிள்ளைகள். ஒலிம்பிக் நேரத்தில் எல்லோரும் 140 கோடி என்கிறார்கள், நான் அந்த எண்ணை எடுத்துக்கொள்வதே இல்லை. அனிருத் கிருஷ்ணா, எரிக் ஹாக்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி என்ற ஆய்விதழில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாட்டின் மொத்த மக்கள்தொகையைப் பார்க்காதீர்கள், விளையாட்டுக்குள் வர உண்மையிலேயே வாய்ப்புள்ளவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள் என்பது அவர்கள் வாதம். சாப்பாடு சரியாக இல்லாதவர், மைதானம் எட்டாதவர், இப்படி ஒரு போட்டி நடப்பதே காதில் விழாதவர், இவர்களையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தியா பெரிய நாடே இல்லை.

உடல்வாகு என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பாரிஸில் ஹாக்கியை விட்டுவிட்டால் மீதி ஐந்து பதக்கங்கள். அதில் நான்கில் ஹரியானாக்காரர்கள் இருக்கிறார்கள்: மனு பாக்கர், அவருடன் இணைந்து சுட்ட சரப்ஜோத் சிங், நீரஜ் சோப்ரா, அமன் செஹ்ராவத். 2011 கணக்கெடுப்பின்படி ஹரியானாவில் இருப்பது இரண்டரைக் கோடிப் பேர், நாட்டில் ஐம்பதில் ஒரு பங்கு. 7.2 கோடிப் பேர் உள்ள நம் மாநிலத்திலிருந்து ஒருவரும் இல்லை. ஹரியானாவின் ரத்தம் வேறு, நம் ரத்தம் வேறு என்றா சொல்வோம்? அங்கே ஊருக்கு ஊர் அகாடா என்னும் மல்யுத்தப் பயிற்சிக்கூடம் இருக்கிறது, திருவிழாவுக்குத் திருவிழா பரிசுப் பணத்துடன் குஸ்தி நடக்கிறது, ஜெயித்தால் போலீஸிலோ ராணுவத்திலோ வேலை கிடைக்கும் என்று வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. உடல் என்று பேசுவதானால் வேறொரு எண்ணைப் பேசுவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அந்தக் குறையை மரபணுவின் தலையில் கட்ட முடியாது, அது தட்டில் விழாத சோறும் பருப்பும் முட்டையும்.

அப்புறம் கிரிக்கெட். ஜமைக்காவும் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நாடுதான், மைக்கேல் ஹோல்டிங், கோர்ட்னி வால்ஷ், கிறிஸ் கெய்ல் எல்லாம் அந்த ஊர். உசைன் போல்ட்டே சிறுவயதில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவர், அவர் ஓடிவரும் வேகத்தைப் பார்த்த கிரிக்கெட் பயிற்சியாளர்தான் நீ ஓட்டத்துக்குப் போ என்றார். அப்படிச் சொன்னதும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, அதுதான் விஷயம். பள்ளிகளுக்கிடையேயான தடகளப் போட்டி ஒன்று அங்கே இருக்கிறது, சுருக்கமாக 'சாம்ப்ஸ்' என்பார்கள். 1910-ல் ஆறு பள்ளிகளோடு, கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த அதே சபைனா பார்க்கில் தொடங்கியது. இன்று கிங்ஸ்டன் தேசிய மைதானத்தில் ஐந்து நாள் நடக்கிறது. கடைசி நாளில் மைதானம் நிரம்பி வழியும், தொலைக்காட்சியில் நேரலை ஓடும், நாற்பது வருடத்துக்கு முன் பள்ளியை விட்டுப் போனவர்கூடத் தன் பள்ளியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்து தொண்டை கிழியக் கத்துவார். அங்கே ஓடுபவர்களில் பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சத்தத்தில் ஒருமுறை ஓடிய பிள்ளைக்கு ஒலிம்பிக் மைதானம் புதிதாகத் தெரியாது. முப்பது லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாடு பாரிஸில் எடுத்ததும் நம்மைப் போலவே 6 பதக்கம், அதில் ஒன்று தங்கம்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த வாதம் பாதி சரி. ஆஸ்திரேலியா 1976-ல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை, ஊரே கொதித்தது, 1981-ல் கான்பெராவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கினார்கள். பிரிட்டன் 1996-ல் ஒரே ஒரு தங்கத்தோடு திரும்பியது, லாட்டரிப் பணத்தை விளையாட்டில் கொட்டி 2012-ல் 29 தங்கம் எடுத்தது. நாமும் 2014 முதல், பதக்க வாய்ப்புள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டுப் பயிற்சி வரை செலவு செய்கிறோம், அது நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு நாடுகளிலும் மேலே பணம் போடுவதற்கு முன்பே கீழே தெருவுக்குத் தெரு கிளப்பும் நீச்சல் குளமும் வாராந்திரப் போட்டியும் இருந்தன. நம்மிடம் மேல்தளத்துக்குக் காசு இருக்கிறது, கீழே உங்கள் குறுவட்டத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள்.

நம்மால் முடியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சதுரங்கத்தைப் பாருங்கள். 1961-ல் இந்தியாவின் முதல் இண்டர்நேஷனல் மாஸ்டர் (கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம்) ஆனவர் மானுவல் ஆரோன். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இயங்கிய டால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். 1988-ல் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது நாட்டிலேயே அவர்தான் முதல் ஆள். 2024-ல் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். நடுவில் நடந்ததைத்தான் நாம் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஏதாவது ஒரு பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ போட்டி நடந்துகொண்டிருக்கும். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக உட்கார்ந்து ஆடுவார்கள், வெளியே அம்மா அப்பாக்கள் டிபன் டப்பாவோடு காத்திருப்பார்கள். தோற்ற பிள்ளை அடுத்த வாரம் வேறோர் இடத்தில் மறுபடி ஆடும். அந்தக் கூட்டத்தில் இருந்துதான் ஒரு குகேஷ் வர முடியும். நீளம் தாண்டுதலில் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு எத்தனை போட்டி கிடைக்கிறது? குறுவட்டத்தில் ஒன்று, ஜெயித்தால் மாவட்டத்தில் ஒன்று. தோற்றால் அடுத்த வருடம்தான்.

கேரளம் இதைத் தடகளத்தில் ஓரளவு செய்து காட்டியது. 1976-ல் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டு விடுதிக்குப் பள்ளிச் சிறுமியாகப் போய்ச் சேர்ந்தவர்தான் பி.டி. உஷா. 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தை இழந்தார். உங்கள் மகளின் போட்டியிலேயே சொல்கிறேன், 2003-ல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜும் அதே மாநிலம்தான். மாநிலப் பள்ளித் தடகளப் போட்டி அங்கே நாளிதழ்களின் முதல் பக்கச் செய்தி.

என் பள்ளியில் என்னோடு படித்த ஒரு பெண்ணை இன்றும் நினைப்பேன். 400 மீட்டர் ஓடுவாள், வெறுங்காலில், செம்மண் தரையில், பையன்களும் அவளை முந்தியதில்லை. எட்டாம் வகுப்பில் மாவட்டத்தில் முதலிடம். பெரியவளானதும் வீட்டில் அரைக்கால் சட்டை போடக் கூடாது என்றார்கள், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார், மாநிலப் போட்டிக்கான கடிதம் பள்ளிக்கு வந்ததை அவளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான், அவள் ஓட்டம் நின்றுவிட்டது. அவள் ஒலிம்பிக் போயிருப்பாள் என்று சொல்ல மாட்டேன், யாருக்குத் தெரியும். ஆனால் அவளைப் போல எத்தனை பேர் பதின்மூன்று வயதில் நின்றுபோகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் 6 பதக்கம் எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. வீட்டில் யார் வேண்டாம் என்கிறார்களோ அவர்களிடம் இந்தப் பத்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

பரீட்சை விஷயத்தில் தலைமையாசிரியரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். மாவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்குத் தேர்வைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல ஷூ ஒன்று வாங்கிக் கொடுங்கள், முதல் நாள் இரவே அந்த ஊருக்குப் போய்விடுங்கள், காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கி யாராலும் நன்றாகத் தாண்ட முடியாது. நீங்களும் கூடவே போங்கள், குழியின் பக்கத்தில் அவள் பார்க்கிற மாதிரி நில்லுங்கள். அன்று எத்தனை பிள்ளைகள் தாண்டினார்கள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள், அவள் எவ்வளவு தாண்டினாள் என்பதையும் சேர்த்து.