நினைவாற்றல் ஸ்கேன் டேட்டால ரெக்ரெஸர்கள் ஒட்டிக்கிட்டா என்ன செய்றது?

பார்க்குறது, மனசுல வச்சிருக்குறது, பதில் சொல்றதுன்னு நினைவுச் சோதனையோட மூணு கட்டத்தையும் எஃப்.எம்.ஆர்.ஐ மூளை ஸ்கேனுக்கான ஒரே மாடல்ல, கட்டத்துக்கு ஒரு ரெக்ரெஸரா (அந்தக் கட்டத்துக்கு எதிர்பார்க்குற சிக்னல் வளைவு) போட்டா, பீட்டா (சிக்னல்ல அந்தக் கட்டத்தோட பங்கு எவ்வளவுன்னு சொல்ற எண்) எல்லாம் தாறுமாறா வருதுன்னு கேட்டிருக்கீங்க. காரணம் ரத்த ஓட்ட சிக்னலோட வேகம்தான், ஒரு சின்ன தூண்டலுக்கே உச்சத்துக்குப் போக 5, 6 செகண்ட் ஆகும், அடங்க இன்னும் 10 செகண்டுக்கு மேல ஆகும், அதனால நடுவுல மனசுல வச்சிருக்குற இடைவெளி எப்பவும் 4 செகண்டுன்னு வச்சா மூணு வளைவும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கும்.

நிறைய பேர் உடனே ஆர்த்தோகனலைஸ் பண்ணிடுறாங்க (ஒரு ரெக்ரெஸர்லேர்ந்து இன்னொண்ணோட ஒத்துப்போற பங்கைக் கழிச்சிடுறது), தயவுசெஞ்சு வேணாம். இடைவெளி ரெக்ரெஸரை முதல் கட்டத்துக்கு எதிரா அப்படி மாத்தினா இடைவெளியோட பீட்டா அப்படியேதான் இருக்கும், மாறுறது முதல் கட்டத்தோட பீட்டா, பொதுவா இருக்குற பங்கு முழுசும் அது கணக்குல போயிடும். அதாவது யாருக்கு எவ்வளவுன்னு டேட்டா சொல்லல, நீங்களே சொல்லிட்டீங்க.

முதல்ல வி.ஐ.எஃப் பாருங்க, ரெக்ரெஸர்கள் ஒட்டிக்கிட்டதால பீட்டாவோட வேரியன்ஸ் எத்தனை மடங்கு கூடுதுன்னு சொல்ற எண் அது. 4 வந்தா ஸ்டாண்டர்ட் எரர் (பீட்டா எவ்வளவு ஆடுதுன்னு சொல்ற அளவு, வேரியன்ஸோட வர்க்கமூலம்) ரெண்டு மடங்கு ஆகுதுன்னு அர்த்தம். மாடல் சரியா இருந்தா பீட்டா ஒருபக்கமா சாயாது, ஆட்டம்தான் கூடும், அதனால ஆட்களை அதிகமாக்குறதும் உதவும்.

உண்மையான மருந்து டிசைன்லதான் இருக்கு. இடைவெளியை 2லேர்ந்து 12 செகண்ட் வரைக்கும் கலந்து வைங்க, சில ட்ரையல்ல கேள்வியே கேக்காம நிறுத்திடுங்க. ஸ்கேன் ஏற்கனவே முடிஞ்சிடுச்சுன்னா மூணையும் மாடல்லயே விட்டுட்டு, பிரிச்சு சொல்ல முடியாத கட்டத்தை முடியலன்னே பேப்பர்ல எழுதுங்க.