சூரியன் மங்கியதா, கருவி மங்கியதா?

அம்மா, வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், சூரியனின் அதீத புற ஊதாக் கதிரை (கண்ணுக்குத் தெரியாத, அலைநீளம் மிகக் குறைந்த ஒளியை) அளக்கும் வேலைக்குப் போவேன் என்கிறாள், அப்படி ஒரு வேலை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. அது அவள் நினைக்கிற மாதிரி இருக்குமா என்பதுதான் என் சந்தேகம்.

அந்தக் கதிர் தரைக்கு வராது, மேல் வளிமண்டலமே விழுங்கிவிடும். விழுங்கிய காற்று சூடாகி உப்பினால், தாழச் சுற்றும் செயற்கைக்கோள்கள் அதில் உராய்ந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஆகவே விண்ணிலிருந்துதான் அளக்க வேண்டும். நாசா 2010 பிப்ரவரியில் ஏவிய, சூரியனைக் கவனிக்கும் எஸ்.டி.ஓ. விண்கலத்தில் இதற்கென்றே ‘ஈவ்’ என்ற கருவி இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் லாஸ்ப் ஆய்வகம் செய்தது.

கடைத் தராசுக்கு முத்திரை போடுகிறார்கள் அல்லவா? விண்ணில் இருக்கும் தராசை எங்கே கொண்டுபோய் முத்திரை போடுவது? மைக்ரானைவிட மெல்லிய உலோக வடிகட்டியில் கார்பன் படியும், உணர்கருவி தேயும். காட்டும் எண் குறைந்தால் மங்கியது சூரியனா கருவியா என்று தெரியாது. அதனால் ஈவைப் போலவே இன்னொரு கருவியை மேரிலாந்தில் உள்ள அமெரிக்க அளவியல் நிறுவனமான என்.ஐ.எஸ்.டி.யின் சின்க்ரோட்ரான் ஒளியில் (வட்டப் பாதையில் விரையும் எலக்ட்ரான்கள் தரும், அளவு துல்லியமாகத் தெரிந்த ஒளியில்) சோதித்து, நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸிலிருந்து சிறு ராக்கெட்டில் அனுப்புகிறார்கள். அது சூரியனைப் பார்ப்பது சில நிமிடம்தான். அந்த அளவை வைத்து மேலே இருக்கும் ஈவின் கணக்கைத் திருத்துகிறார்கள். இதற்குப் பெயர்தான் கேலிப்ரேஷன். பொறுமையைச் சோதிக்கும் வேலை, புகைப்படத்தில் அழகாகவும் வராது.

சரி, வழி? ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அப்புறம் ஆராய்ச்சிப் படிப்புக்கான ஜெஸ்ட் அல்லது நெட் தேர்வு எழுதி பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், புணேயின் ஐயூக்கா வானியல் மையம் போன்ற இடங்களில் பிஎச்.டி. சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்-1இன் கருவிகளில் பங்கு உள்ள நிறுவனங்கள்தான் இரண்டும். ஆனால் அதன் ‘சூட்’ தொலைநோக்கி பார்ப்பது 200 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை. அது அதீத புற ஊதா அல்ல, பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாசாவின் நேரடி அரசுப் பணி பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கே. அங்கே பல்கலைக்கழக ஆய்வகங்களைக் குறிவைக்கலாம்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். இன்றைய மிக நுண்ணிய சிப்களை அச்சிடுவதும் 13.5 நானோமீட்டர் அதீத புற ஊதா ஒளிதான். வெற்றிடம், ஒளியியல், உணர்கருவி தெரிந்தவர்களுக்கு அந்தத் தொழிலில் வேலை உண்டு.

அடுத்த முறை மகளையும் அழைத்து வாருங்கள், லேப் ரெக்கார்டோடு. பிழைக் கணக்கு (அளவு எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற கணக்கு) எழுதிய பக்கங்களைத்தான் முதலில் பார்ப்பேன்.