மருத்துவர் சொல்லியே கேட்காதவள், இன்னொரு பெண் சொன்னால் கேட்பாளா?

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் வராமல் தடுக்க, மருத்துவம் படிக்காத சக பெண் ஒருவர் வழிகாட்டுவதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே சந்தேகம் இருந்தது.

47 வயதில் என் ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) அளவு 6.1. நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பது 5.7 முதல் 6.4 வரை. "எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள்" என்றார் மருத்துவர். சரியான அறிவுரைதான். 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்குகளோடு வழிநடத்தப்பட்டவர்களிடம் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம்தான். ஆனால் அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனி வழிகாட்டி இருந்தார். முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள் நடந்தன. எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம், அதுவும் மருத்துவர் நின்றுகொண்டே பேசியது.

பிறகு, சக பெண்களே வழிகாட்டும் ஒரு குழுவில் சேர்ந்தேன். எனக்கு வழிகாட்டியாக வந்த அக்காவுக்கு 54 வயது. அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "இந்த வாரத்தில் உங்களுக்கு மூச்சு விடக்கூட நேரமில்லாத நாள் எது?" என்று கேட்டார். செவ்வாய் என்றேன். "அப்படியானால் செவ்வாயை விட்டுவிடுவோம்" என்றார். நடக்காமல் இருக்க எனக்கு அனுமதி கொடுத்த முதல் ஆள் அவர்தான். மற்ற நாள்களில் பத்துப் பத்து நிமிடமாக ஆரம்பித்தேன். இரவு மூன்று மணிக்கு வியர்த்து விழித்து, காலையில் எழ முடியாமல் கிடப்பதை அவரிடம் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவரும் அந்த இரவுகளைக் கடந்து வந்தவர். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையக் குறையக் கெட்ட கொழுப்பு ஏறுவதும், கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்வதும் உடலின் வேலை, என் சோம்பேறித்தனம் மட்டுமல்ல என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து நானே பயிற்சி எடுத்து வழிகாட்டியானேன். முதல் மாதமே சறுக்கல். ஒரு பெண்ணிடம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் போனை எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

இப்போது ஒரு பழைய உத்தியை நம்புகிறேன். "நடக்க முடியும் என்ற நம்பிக்கை 0 முதல் 10 வரை எவ்வளவு?" என்று கேட்பேன். 4 என்பார்கள். "ஏன் 8 இல்லை?" என்று கேட்டால் சாக்குகள் வரிசையாக வரும். "ஏன் 2 இல்லை?" என்று கேட்க வேண்டும். ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "போன மாதம் பஸ்ஸை விட்டுவிட்டு வீடு வரை நடந்தே வந்தேனே" என்றார். அதிலிருந்துதான் திட்டத்தைத் தொடங்கினோம்.

இன்னொருவர் ரத்த அழுத்தம் ஏறியே இருக்கிறது என்று பயந்து என்னை அழைப்பார். ஒரு நாள்தான் புரிந்தது, என்னிடம் பேசிக்கொண்டே அளந்துகொண்டிருக்கிறார்! ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்கச் சொன்னேன். எண் இறங்கியது. அப்படியும் இயல்புக்குச் சற்று மேலேதான் நின்றது. எனவே அளவுகளை எழுதிய குறிப்பேட்டோடு மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

எல்லை அங்கேதான் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ நாங்கள் சொல்வதில்லை. நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ரத்தப்போக்கு வந்தால், சிறிதளவே என்றாலும், மருத்துவரிடம்தான் போக வேண்டும். "வயதானால் அப்படித்தான்" என்று ஆறுதல் சொல்லும் வழிகாட்டி ஆபத்தானவர்.

நீங்கள் சேருவதாக இருந்தால் அவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: வழிகாட்டிக்குப் பயிற்சி கொடுத்தது யார், அவருக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பார். கூடவே ஏதாவது மாவு டப்பாவை விற்கப் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.